கொழும்பிலிருந்து மரம் பார்க்க ஒரு காலை

பிள்ளைகளுக்கு மரம் காட்ட வேண்டுமென்றால் பேராதனைத் தாவரவியல் பூங்கா வரை போகத் தேவையில்லை. கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி கம்பஹாவில் இறங்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா, ஆட்டோவில் போய்விடலாம். ஒன்பது மணிக்குள் உள்ளே போய்விட்டால் நல்லது. அப்புறம் வெயில் ஏறிவிடும், கைக்குழந்தையோடு நடக்க முடியாது.

நேராக இறப்பர் மரங்களிடம் போங்கள். பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றுகளாக இங்கே வந்தன. நம் நாட்டு இறப்பர்த் தோட்டங்களின் கதை தொடங்கியது இந்த மண்ணில்தான். பெயர்ப் பலகையை வாசிக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள். இறப்பருக்கு ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். ஆகஸ்ட், செப்டெம்பரில் போனால் காய் 'டப்' என்று வெடிக்கும் சத்தமும் கேட்கலாம். பெரிய ஆமணக்கு விதை போல, பழுப்புப் புள்ளிகளோடு பளபளக்கும் விதை கிடைக்கும். சின்னவர்கள் வாயில் வைத்துவிடாமல் கவனம், பச்சை விதையில் நச்சு உண்டு. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

நுளம்புக்குப் பூசும் களிம்பு, தண்ணீர், ஒரு குடை கட்டாயம். பட்டையில் பேர் கீறும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அந்தக் காயத்தின் வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகும்.

ரயிலுக்கு நேரமில்லாத வாரத்தில் கொழும்பிலேயே இருக்கும் விகாரமகாதேவி பூங்காவே போதும்.