அப்பா பார்த்த வேலையை எழுதி வைப்பது எப்படி

என் அப்பா 31 வருடம் அச்சுக் கோத்தவர், அதாவது அச்சடிக்க எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியவர். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன அச்சகம், ஈய எழுத்து, காலால் மிதிக்கும் ட்ரெடில் மிஷின். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ரசீது புத்தகம், கருமாதிக் கார்டு, இவ்வளவுதான் வேலை. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கப்பா, எழுதணும்" என்று ஒரு தீபாவளிக்குக் கேட்டேன். "என்னத்த வாழ்க்கை, படிச்சேன், வேலைக்குப் போனேன், உங்களை வளத்தேன்" என்று முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் இரண்டு வருடம் கழித்து வேறு மாதிரிக் கேட்டேன். "காலையில கடைக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல எதைத் தொடுவீங்க?" அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார், அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

அதனால் முதல் விஷயம் இதுதான்: வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். வாழ்க்கை என்றதும் பெரியவர்களுக்கு அது ஏதோ தலைவர்கள் எழுதுகிற சமாச்சாரம் என்று தோன்றிவிடுகிறது. வேலையைக் கேட்டால் கையே பேச ஆரம்பிக்கும். அப்பா சொல்லும்போது இடது கை தானாக மடங்கி, எழுத்து கோக்கிற அந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்த மாதிரி நின்றது, வலது கை காற்றில் எழுத்துப் பெட்டியின் ஒவ்வொரு அறையாகப் போய்ப் போய் வந்தது. ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும், கோப்பவர் அதைத் தலைகீழாக வைத்துத்தான் வாசிப்பார். எழுத்தின் ஒரு பக்கத்தில் காடி என்று ஒரு சின்ன வெட்டுப் பள்ளம் இருக்கும், கட்டைவிரல் அதைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளும், கண் அதற்குள் அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும். இதையெல்லாம் நான் அதுவரை கேட்டதே இல்லை. இன்றைக்கும் எதிரே உட்கார்ந்து நான் படிக்கிற பேப்பரை அவர் அந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிடுவார். சின்ன வயதில் அதை ஏதோ வித்தை என்று நினைத்திருந்தேன்.

கேட்பதற்கு நேரம் முக்கியம். விசேஷ வீட்டில், பத்துப் பேர் நடுவில் கேட்டால் வராது. மத்தியானத் தூக்கம் கலைந்து காபி குடிக்கும் நேரம் எங்கள் வீட்டில் சரியாக இருந்தது. பதிவு செய்யப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒளித்துவைத்துப் பதிவு செய்வது தப்பு. சொன்ன பிறகு போனைக் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், என்னுடைய முதல் பதிவு முழுக்கக் காற்றுச் சத்தம்தான்.

என்ன கேட்பது? முதல் நாள் யார் கூட்டிக்கொண்டு போனது, யாரிடம் தொழில் கற்றது, முதல் சம்பளம் எவ்வளவு, அது எங்கே போனது. பண விஷயத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள், அதில்தான் குடும்பத்தின் பாதிக் கதை இருக்கிறது. அப்பா வேலை பார்த்த இடத்தில் ஒரு காலத்தில் மூன்று மாதம் கூலி பாக்கி நின்றிருக்கிறது. அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் அரிசி எப்படி வந்தது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, அடுப்படியில் இருந்து அம்மா சொன்னாள்.

அப்புறம், மாறின காலத்தைக் கேளுங்கள். எல்லா வேலையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கும், அதை அந்த வேலையில் இருந்தவர் பார்த்த விதம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைவு வைத்த லை, ளை, ணை, னை போய், சுழித்து எழுதின ணா, றா, னா போய், அவற்றோடு ணொ, றோ மாதிரி எழுத்துகளும் சேர்ந்து மொத்தம் 13 எழுத்துகள் மாறின. பள்ளிக்கூடத்தில் நமக்கு அது ஒரு பாடம். அப்பாவுக்கோ, அதுவரை ஒரு துண்டு ஈயம் எடுத்த இடத்தில் இனி எழுத்துக்கு ஒன்று, குறிக்கு ஒன்று என்று இரண்டு துண்டு எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பழகின கை ரொம்ப நாளைக்குப் பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்ததாம். "மூளைக்கு ஒரே நாள்ல புரிஞ்சிருச்சு, கைக்குப் புரியத்தான் நாளாச்சு" என்றார். இதை நானாக உட்கார்ந்து யோசித்தால் ஜென்மத்துக்கும் எழுதியிருக்க முடியாது.

தவறுகளையும் கேளுங்கள். எப்போது தப்பு நடந்தது, யார் திட்டினார்கள், எப்படிச் சரிசெய்தார்கள். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், பேச்சு நின்றால் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். ஒரு கருமாதிக் கார்டைப் பற்றிச் சொல்லவந்து அப்பா நிறுத்திவிட்டார். நானும் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: கார்டு அடிக்க வந்த ஆளுக்கு இறந்துபோன தன் மகன் பெயரை வாயால் சொல்ல முடியவில்லை, அப்பா வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாராம். ஊரில் எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு என்று முதலில் தெரிகிற ஆட்களில் அவரும் ஒருவர். எந்தச் சாதி, எந்தத் தெரு என்றாலும் எடுத்த எழுத்து ஒரே பெட்டியில் இருந்துதான், அச்சடித்து முடிந்ததும் பிரித்துத் திரும்ப அதே பெட்டியில்தான் போட வேண்டும், கல்யாணத்துக்குக் கோத்த எழுத்தே மறுநாள் கருமாதிக்கும் வரும்.

அம்மாக்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். "நான் என்ன வேலை பார்த்தேன், வீட்டுலதான இருந்தேன்" என்பார்கள், நம்பாதீர்கள். என் அம்மா பீடி சுற்றியவள். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் முறத்தை வைத்துக்கொண்டே எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னவள், அதை வேலை என்றே கணக்கில் வைக்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவீங்க, எந்த விரல் முதல்ல வலிக்கும்?" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தாள்.

எழுதுவதை அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றாதீர்கள், முக்கியமாகத் தொழில் வார்த்தைகளை. அப்பா "பிரிச்சுப் போடுறது" என்றால் அதேதான், அதை நல்ல தமிழாக்குகிறேன் என்று கெடுக்க வேண்டாம். அழகாக எழுத வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வரிசைகூட வேண்டாம், நாலு பக்கம் துண்டு துண்டாக இருந்தாலும் போதும். எழுத வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை மட்டும் எழுதாதீர்கள், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் சரி.

கடைசியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில், பக்கவாட்டில் நிறைய இடம் விட்டு பிரிண்ட் எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள், கூடவே ஒரு பேனாவும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் புரூஃப்தான் பார்த்தார், இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தினார். பிறகு மூன்றாம் பக்க ஓரத்தில், தனக்கு எழுத்து கோக்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை, பேசும்போது ஞாபகம் வராத அந்தப் பெயரை, இனிஷியலோடு எழுதினார்.