பொறியில் சிக்கிய எலி பாம்புக்கு வேண்டாம்

வீட்டில் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையை வளர்ப்பவர்கள், பொறியில் சிக்கிய எலியை தயவுசெய்து அதற்குப் போடாதீர்கள். சென்னையில் மளிகைக்கடை, ஓட்டல், அபார்ட்மென்ட் என்று எங்கும் எலி கேக் வைக்கிறார்கள். பலவற்றில் இருப்பது புரோமடியோலோன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம். தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நன்றாகவே ஓடித் திரியும். பார்த்தால் எதுவும் தெரியாது. விஷம் அதன் ஈரலில் தங்கி, அப்படியே பாம்புக்குப் போய்விடும். ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. குடற்புழு, உண்ணி வேறு.

அப்புறம் உங்கள் கை. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் இங்கே புதிதல்ல.

பண்ணையில் வளர்த்து உறையவைத்த எலியை வாங்கி, வெதுவெதுப்பான நீரில் உள்வரை இளகவிட்டு, நீளமான இடுக்கியால் கொடுங்கள். உயிரோடு போட்டால் எலி பாம்பையே கடித்துவிடலாம்.