கரண்ட் போகும் ஊரில் குடியேறுபவர்கள் செய்யும் தவறுகள்

வேலைக்காக வளரும் நாடு ஒன்றுக்குக் குடிபோகிறவர்கள் மிக்சியில் தொடங்கி வைஃபை ரவுட்டர் வரை பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் புகைவது அந்தச் சாமான்கள்தான். அங்குள்ள வசதிகள் பழசாக இருப்பதால் வரும் தொல்லையைவிட, இருந்த இடத்துப் பழக்கத்தை அங்கேயும் அப்படியே ஓட்டப் பார்ப்பதால் வரும் தொல்லை அதிகம்.

அடாப்டர் வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பதில் ஆரம்பிக்கிறது எல்லாம். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. 120 வோல்ட்டுக்குச் செய்த ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் வாட் இழுக்கும். ஃபியூஸ் போகாவிட்டால் டிரையர் போகும். லேப்டாப், போன் சார்ஜர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பயமில்லை. அவற்றின் அடியில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரி இல்லாத சாமானை விற்றுவிட்டுப் போய், அங்கேயே ஒன்று வாங்குவது மேல். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாமே என்றால், அது வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்பதை, மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும், சூடாகும். பிரேசிலில் ஒரு நகரத்தில் 127 வோல்ட் இருக்கும், இன்னொரு நகரத்தில் 220. அங்கே வீடு மாறும்போதுகூட இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கரண்ட் போனால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். அது திரும்பி வரும்போது அசந்துவிடுவார்கள். சாமான்கள் அடிபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறும், அல்லது வந்து, போய், மறுபடி வரும். பழகியவர்கள் வீட்டில் கரண்ட் போனதும் டிவி, கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு பல்பின் சுவிட்சை மட்டும் போட்டு வைப்பார்கள். பல்பு எரிந்து, மினுக்காமல் நின்ற பிறகே மற்றவை. ஃபிரிட்ஜுக்கு இன்னும் ஓர் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாவதற்குள் போட்டால் மோட்டார் திணறும். சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது திடீரென எகிறும் வோல்டேஜைத்தான் தடுக்கும், அதுவும் பிளக் பாயிண்டில் எர்த் ஒழுங்காக இருந்தால். மாலையில் 230 வர வேண்டிய இடத்தில் 160 வந்துகொண்டிருந்தால் அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும். எனவே வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஜன்னல் காற்றை ரசிப்பதற்கு முன்னால் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்துப்போய் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் விஷயத்தில் சமரசமே கூடாது. சத்தம் கேட்கக்கூடாது, திருடு போகக்கூடாது என்று வராந்தாவுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

மின்வெட்டு என்றால் விளக்கு அணைவது மட்டும்தான் என்று எண்ணுவதும் தவறு. கரண்ட் நின்றால் மோட்டார் நிற்கும், மேல்தொட்டியில் இருப்பதோடு தண்ணீர் சரி. செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் சிக்னல் போகும். ஏடிஎம்மும் கார்டு மிஷினும் பெட்ரோல் பங்கும் அதே வரிசையில் நிற்கும். தொட்டியில் தண்ணீர், கையில் கொஞ்சம் ரொக்கம், வண்டியில் பாதி டாங்க் எரிபொருள் எப்போதும் இருக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு ஒரு சின்ன வழி உண்டு. ஃபைபர் இணைப்பில் தெருவில் மின்சாரம் தேவைப்படும் கருவிகள் பெரும்பாலும் இருக்காது. அதனால் உங்கள் வீட்டு ரவுட்டருக்கு உயிர் இருந்தாலே பல நேரம் நெட் கிடைக்கும். அதற்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள், சில மணி நேரம் ஓட்டும். கம்ப்யூட்டருக்கான பெரிய யுபிஎஸ்ஸோ ஃபைலைச் சேமித்து மூடச் சில நிமிடம் தருவதற்கு ஆனது. அதை நம்பி மீட்டிங்கில் உட்காராதீர்கள்.

நெட் மெதுவாக இருந்தால் வேகமான பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன், டேட்டாவைத் தின்பது யார் என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் விண்டோஸ் பின்னால் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் செட்டிங்கில் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ (டேட்டாவுக்கு அளவு உள்ளது) என்று குறித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். எல்லாவற்றையும் கிளவுடில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இங்கே சோதனைதான். ஒரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி இருக்கட்டும்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் மறப்பது ஓடிபி. வங்கியின் எஸ்எம்எஸ் பழைய நம்பருக்குத்தான் போகும். அந்த சிம் செத்துப்போனால் சொந்தப் பணத்தைத் தொட முடியாது. அந்த நம்பரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். வழியிருக்கும் கணக்குகளை, போனிலேயே ஓடிபியை உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். அது நெட் இல்லாமலும் வேலை செய்யும், போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். போன் கைவிட்டால் கணக்கில் நுழைய உதவும் பேக்கப் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பின்தங்கியது என்ற நினைப்போடு வருகிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை சாதாரண பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப வைத்தது. கார்டை நீட்டிக்கொண்டு நிற்கும் புதியவருக்குப் பின்னால் இருப்பவர், அதே பட்டன் போனில் பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த போனுக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும்; 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர் என்றால் மூன்று நிமிடம். புற ஊதா விளக்கில் ஓடும் சுத்திகரிப்பான் கரண்ட் இல்லாதபோது வெறும் அலங்காரப் பொருள்.

கடைசியாகச் சட்டம். துருக்கியிலும் பாகிஸ்தானிலும் வெளிநாட்டில் வாங்கிய போனைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் உள்ளூர் நெட்வொர்க்கில் முடக்கிவிடுவார்கள். சிக்னல் இல்லாத இடத்துக்கு உதவுமே என்று சாட்டிலைட் போன் கொண்டுபோகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்ததற்காகச் சுற்றுலா வந்தவர்களையே கைது செய்திருக்கிறார்கள். டிக்கெட் போடுமுன் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.