மோஷன் டெஸ்ட் நார்மல் என்றால் ஒட்டுண்ணி இல்லையா? எச்.ஐ.வி உள்ளவர்களிடம் தவறவிடப்படும் தொற்றுகள்

எச்.ஐ.வி உள்ள ஒருவருக்கு வாரக்கணக்கில் பேதி. உடம்பு கண்ணெதிரே மெலிகிறது. பக்கத்து லேபில் மோஷன் டெஸ்ட் எடுக்கிறார்கள். ஒட்டுண்ணியின் முட்டையோ, சிஸ்ட் எனும் அதன் உறை வடிவமோ இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. சரி, ஒட்டுண்ணி இல்லை என்று முடிவு கட்டிவிட்டு வேறு காரணம் தேடப் போகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. லேபில் எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் தேடுவார்கள். சாதாரண மலப் பரிசோதனையில் அமீபா, ஜியார்டியா, கொக்கிப்புழு முட்டை எல்லாம் தெரியும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை அதிகம் வாட்டுகிற கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதில் அநேகமாகக் கண்ணில் படாது.

காரணம் எளிது. மலத்தில் வெளியேறும் அதன் உறை வடிவமான ஊசிஸ்ட்டின் குறுக்களவு 4 முதல் 6 மைக்ரான்தான். ஒரு சிவப்பணுவை விடச் சிறியது. சாயம் போடாத ஸ்லைடில் அது ஈஸ்ட்டைப் போலவே தெரியும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டால் கதையே வேறு. நீலம் அல்லது பச்சைப் பின்னணியில் கிரிப்டோஸ்போரிடியம் இளஞ்சிவப்பு உருண்டையாக எழுந்து நிற்கும். ஈஸ்ட் பின்னணி நிறத்திலேயே அமுங்கிவிடும். இதே போலப் பேதி தரும் இன்னொரு ஒட்டுண்ணியான சிஸ்டோஐசோஸ்போரா இன்னும் பெரியது, ஏறக்குறைய 30 மைக்ரான் நீளமுள்ள நீள்வட்டம். ஆனால் சாயம் போடாத ஸ்லைடில் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருப்பதால் மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்காவிட்டால் அதுவும் நழுவிவிடும். லேப் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: காசநோய்ச் சளிக்குப் போடும் 20 சதவீத அமிலத்தை அப்படியே மலத்துக்கும் போடாதீர்கள். இந்த ஊசிஸ்ட்கள் காசநோய்க் கிருமி அளவுக்குச் சாயத்தை இறுகப் பிடித்து வைப்பதில்லை. 1 சதவீத கந்தக அமிலம் போதும்.

இந்தச் சாயம் விலை உயர்ந்ததோ அபூர்வமானதோ அல்ல. சளிப் பரிசோதனை செய்கிற எந்த லேபிலும் கிட்டத்தட்ட எல்லாப் பொருளும் இருக்கும். கேட்பதற்குத்தான் ஆளில்லை. கேட்காமல் விடுவதற்கு முக்கியக் காரணம், தனியார் டாக்டரிடம் போகும் பலர் தமக்கு எச்.ஐ.வி இருப்பதைச் சொல்வதில்லை. அந்தப் பயம் நியாயமானது. சொன்ன பிறகு முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் ஏராளம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் ரகசியம் காப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பாகுபாட்டையும் தடை செய்கிறது. ஆனால் சட்டம் இருக்கிறது என்பதால் மட்டும் தைரியம் வந்துவிடாது. அதனால் என் யோசனை இதுதான்: நீண்ட நாள் பேதி என்றால் முதலில் எச்.ஐ.வி மருந்து தரும் உங்கள் ஏ.ஆர்.டி மையத்துக்கே போங்கள். அங்கே புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. வேறு எங்காவது போக நேர்ந்தால், லேபுக்கு உங்கள் நோய் விவரம் தேவையில்லை; சீட்டில் ‘காக்சிடியாவுக்கு மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட்’ என்று டாக்டர் எழுதினாலே போதும் (மேலே சொன்ன இரண்டு ஒட்டுண்ணிகளும் சேர்ந்த இனம்தான் காக்சிடியா).

சிடி4 எண்ணை, அதாவது எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று காட்டும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையை, பார்க்காமல் தேடுவதும் தவறு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சிடி4 500க்கு மேல் இருப்பவருக்கு இரண்டு நாள் பேதி என்றால், அது எல்லோருக்கும் வருகிற பேதியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 200க்குக் கீழே, அதிலும் 100க்குக் கீழே போனவருக்கு வரும் பேதியை அப்படிக் கடந்து போகக் கூடாது.

ஒரே ஒரு சாம்பிளோடு நிறுத்துவது

ஒட்டுண்ணிகள் தினமும் ஒரே அளவில் மலத்தில் வெளியேறுவதில்லை. இன்று இருக்கும், நாளை இருக்காது. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் மூன்று சாம்பிள் கேட்கிறார்கள். நோயாளியை அலைய வைப்பதற்காக அல்ல. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுத்துவிடுவது நல்லது. வயிற்று எக்ஸ்ரேக்காக பேரியம் குடித்திருந்தால் சில நாள் தள்ளிப் போடுங்கள். எண்ணெய் கலந்த பேதி மருந்தும் ஸ்லைடைக் கெடுத்துவிடும். கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ கலக்காமல் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டு நாளைக்கோ அதற்கு மறுநாளோ கொடுக்கலாம் என்று வெளியே வைத்திருந்தால், அதிலிருக்கும் கொக்கிப்புழு முட்டை பொரிந்து லார்வா வெளியே வரக்கூடும். அதை ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற வேறொரு புழு என்று தவறாகப் படிக்கிற ஆபத்தும் இருக்கிறது.

பெயர் எதற்கு, மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பேதி என்றதும் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அது அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும் கேட்கும்; கிரிப்டோஸ்போரிடியத்தையோ சிஸ்டோஐசோஸ்போராவையோ நம்பகமாகத் தீர்க்காது. சிஸ்டோஐசோஸ்போரா கோட்ரைமாக்சசோலுக்கு, அதாவது பலர் செப்ட்ரான் என்று சொல்கிற மாத்திரைக்கு, நன்றாகக் கட்டுப்படும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அப்படி நேரடியாகக் கைகொடுக்கும் மருந்து கிடையாது. நைட்டசாக்சனைடு இருக்கிறது, ஆனால் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருப்பவரிடம் அதன் வேலை குறைவு. ஏ.ஆர்.டி மருந்தைச் சரியாக எடுத்து சிடி4 ஏறுவதுதான் அங்கே உண்மையான சிகிச்சை. இரண்டும் ஒரே மாதிரி தண்ணீராகப் போகிற பேதிதான். கண்டுபிடித்தால் ஒன்று நாட்கணக்கில் அடங்கும். மற்றதற்கு மாதக்கணக்கில் பொறுமையும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், சத்தான சாப்பாடும் வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோரின் போட்ட தண்ணீர்தானே என்று நம்ப வேண்டாம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்து வந்த குழாய்த் தண்ணீர் வழியாகவே கிரிப்டோஸ்போரிடியம் பரவி, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் அது சாகும்.

பூச்சி மாத்திரை போட்டாச்சே என்று விட்டுவிடுவது

மிகுந்த கவனம் வேண்டிய ஒட்டுண்ணி ஸ்ட்ராங்கிலாய்டிஸ். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோல் வழியாக உள்ளே போகும். மற்றப் புழுக்கள் ஆயுள் முடிந்தால் செத்துவிடும். இது உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரில் சயாம்-பர்மா ரயில் பாதை போட வைக்கப்பட்ட போர்க்கைதிகள் பலரிடம், ஊர் திரும்பி 30, 40 ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்தப் புழு இருந்தது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை. வயல் வேலை செய்து வளர்ந்து, இப்போது நகரத்தில் செருப்புப் போட்டு நடப்பவரிடமும் இது ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டாம்.

எச்.ஐ.வி மட்டும் இதைக் கிளப்பிவிடுவது குறைவு. ஸ்டீராய்டு சேரும்போதுதான் ஆபத்து. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு தேவைப்படும் நேரங்களோ நிறைய: மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய், நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, ஏ.ஆர்.டி தொடங்கியதும் சிலருக்கு வரும் அழற்சி. அந்த நேரத்தில் லார்வாக்கள் பெருகி நுரையீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவும், குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் இரத்தத்துக்கு இழுத்துப் போகும். சிகிச்சை கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை.

இரத்தத்தில் இயோசினோஃபில் (புழு இருந்தால் பெரும்பாலும் கூடும் வெள்ளையணு) கூடவில்லை, அதனால் புழு இல்லை என்று நினைப்பது இங்கே கொடிய தவறு. நோய் முற்றிய நிலையில் அந்த எண்ணிக்கை இறங்கிப்போயிருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் புரதம்) பரிசோதனையும் நெகட்டிவ் காட்டலாம். ஒரு தடவை மலம் பார்த்தால் பெரும்பாலும் கிடைக்காது. அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டு) வளர்த்துப் பார்த்தால் வாய்ப்பு அதிகம். புதிய மலத்தை அந்தத் தட்டில் வைத்தால், லார்வா ஊர்ந்து போன தடத்தில் பாக்டீரியா வளர்ந்து கோடு கோடாகத் தெரியும். அந்தச் சாம்பிளை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், லார்வா செத்துவிடும். இனி, வருடாவருடம் போடும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரையை நம்பி இதை ஒதுக்க முடியாது. இதற்கான மருந்து ஐவர்மெக்டின், எடைக்கேற்ற அளவில், டாக்டர் சொன்னபடி. ஸ்டீராய்டு தொடங்கும் முன் ‘இவர் வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்தவரா’ என்று ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூளைக்குள் ஒளிந்திருக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிச் சுருக்கமாக: சிடி4 100க்குக் கீழே இருந்து, தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் என்று வந்தால் ஐஜிஎம் (புதிய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி) நெகட்டிவ் என்பதை வைத்து அதைத் தள்ளிவிடக் கூடாது. இது பழைய தொற்று மறுபடி கிளம்புவது. அங்கே கவனிக்க வேண்டியது பழைய தொற்றைக் காட்டும் ஐஜிஜி. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் அதே மாதிரி வளையமாகத் தெரியும் என்பதால், சிகிச்சை கொடுத்து இரண்டு வாரத்தில் குறைகிறதா என்று பார்ப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

அப்புறம் காலா அசார், ஒட்டுண்ணியால் வரும் நீடித்த காய்ச்சல். தமிழ்நாட்டில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, நினைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் மணல் ஈ மூலம் பரவும் இந்த நோய்க்கு விரல் நுனி இரத்தத்தில் செய்யும் ஆர்கே39 பரிசோதனை நன்றாக உதவுகிறது. எச்.ஐ.வி உள்ளவரிடம் அதே பரிசோதனை தவறாக நெகட்டிவ் காட்ட வாய்ப்பு கூடுதல். நோய் குணமான பிறகும் பல மாதங்கள் பாசிட்டிவாகவே இருப்பதால், திரும்ப வந்திருக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜையிலோ மண்ணீரலிலோதான் தேட வேண்டும். திருப்பூரிலோ ஓசூரிலோ வேலைக்கு வந்த பீகார் இளைஞர் வாரக்கணக்கில் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக வந்தால், எந்த மாவட்டம் என்று கேளுங்கள். காலா அசார் உறுதியானால் எச்.ஐ.வி பரிசோதனையையும் சேர்த்தே செய்யுங்கள், அவருடைய சம்மதத்தோடு, அவருக்குப் புரிகிற மொழியில் பேசி.