போர்க்கால ஐரோப்பாவின் வீதிப் பலகைகளை 1/35 அளவில் செய்வது

நிஜத்தின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் போர்க்களக் காட்சி மாதிரி செய்பவர்களில், போர்த் தாங்கிக்கு மூன்று மாதம் செலவழித்தவர்கள்கூட, சந்தியில் நிற்கும் பலகையைக் கடைசி இரவில் அவசரமாக ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க வருபவரோ முதலில் பலகையைத்தான் வாசிப்பார். எழுத்து இருக்கும் இடத்துக்குக் கண் தானாகப் போகும். அங்கே பிழை இருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

எங்கள் ஊரில் அடிக்கடி வரும் பிழை பலகையில் இல்லை, அது நிற்கும் பக்கத்தில். நாம் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள். கை தன்பாட்டில் பலகையை வீதியின் இடக்கரையில் நட்டுவிடும். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி எல்லாம் வலப்பக்கம் ஓடும் நாடுகள். பலகை சாரதியின் வலக்கைப் பக்கம், அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கவேண்டும். பிரிட்டன் நம்மைப் போல இடப்பக்கம். ஹங்கேரி 1941 வரை இடப்பக்கம் ஓடியது. செக் நாட்டை வலப்பக்கத்துக்கு மாற்றியது 1939 இல் உள்ளே வந்த ஜெர்மன் படை.

அடுத்தது இடமும் மாதமும். இவை இரண்டையும் கடதாசியில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 1940 கோடை, இங்கிலாந்து என்று எழுதினால் வேலை மிகச் சுலபம்: வானிலிருந்து குதிக்கும் எதிரிக்கு வழி தெரியக்கூடாதென்று திசைகாட்டிகளைக் கழற்றி, மைல்கற்களைப் பிடுங்கினார்கள் அல்லது எழுத்தைச் சிதைத்தார்கள். கைகள் இல்லாத வெறும் கம்பம் ஒன்று போதும். இருட்டடிப்புக்காக மரத்தின் அடியிலும் நடைபாதை விளிம்பிலும் வெள்ளைப் பட்டை பூசிவிடுங்கள், காலம் தானாகப் புரியும்.

பிரான்ஸ் என்றால் ஊர்ப் பெயர்ப் பலகை கடும் நீல எனாமலில் வெள்ளை எழுத்து. வீதியோரத்தில் வட்டத் தலையுள்ள வெள்ளைக் கிலோமீற்றர் கல் நிற்கும். தேசிய வீதிக்குத் தலை சிவப்பு, மாவட்ட வீதிக்கு மஞ்சள். நாம் 'கட்டை' என்று சொல்லும் நம்மூர் மைல்கல்லை நினைத்துக்கொண்டு செய்தால் உடம்பு சரியாக வரும், தொப்பிதான் புதிது. தீப்பந்தச் சின்னம் உள்ள 'விடுதலைப் பாதை' கற்களை மட்டும் 1944 காட்சியில் வைக்காதீர்கள். நோர்மண்டிக்குச் சுற்றுலா போனவர்களின் படங்களில் அவை நிறைய வரும், ஆனால் நாட்டியது 1947 இல்.

ஜெர்மனியில் பெருவீதி இலக்கம் மஞ்சள் செவ்வகத்தில் கறுப்பு எண். எழுத்து வடிவம்தான் அங்கே வழுக்கும் இடம். 1936 இல் டின் 1451 என்ற நேரான, அலங்காரமில்லாத எழுத்து தரமாக வந்தது. உடைந்த கோணங்களுள்ள பழைய கொத்திக் எழுத்தை 1941 ஜனவரியில் நாசி அரசே கைவிட்டது. வீதிப் பலகைகள் இனிச் சாதாரண எழுத்தில்தான் என்று அந்தச் சுற்றறிக்கையில் தனியாகவே சொல்லப்பட்டது. அதற்காகப் பழைய பலகைகளை ஒரே நாளில் யாரும் கழற்றவில்லை. ஆகவே 1945 காட்சியில் வெயிலில் வெளுத்த கொத்திக் பலகை நிற்கலாம், புதுப் பெயின்ற் மினுங்கும் கொத்திக் பலகை நிற்கக்கூடாது. பிடித்த நாடுகளில் பெயரே மாறியது: போலந்தின் ஊட்ஜ் நகரம் 1940 ஏப்ரலில் லிட்ஸ்மன்ஸ்டாட் ஆனது. பழைய பெயரை எழுதுமுன் ஆண்டைப் பாருங்கள்.

இராணுவப் பலகைகளுக்கு ஆயுள் குறைவு, அதனால் திகதி இன்னும் இறுக்கம். வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட, அமெரிக்கப் படைக்குப் பொருள் ஏற்றிய 'ரெட் போல்' லொறிப் பாதை 1944 ஓகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரைதான் ஓடியது. 1944 டிசம்பர் ஆர்டென் சண்டையின் பனிக்குள் அதை நட்டால், முடிந்து ஒரு மாதமான பாதைக்கு வழி காட்டுகிறீர்கள். பிரிட்டிஷ் 30 ஆம் கோர் என்ற படைப்பிரிவு, சீட்டுக்கட்டின் கிளாவர்ச் சின்னத்தோடு 'கிளப் ரூட்' என்று எழுதியது. கனடியர்கள் மேப்பிள் இலை போட்டார்கள். இலையோடு 'அப்' என்றிருந்தால் போர்முனையை நோக்கி, 'டவுன்' என்றால் பின்னுக்கு. இந்தச் சொல்லையும் தாங்கி ஓடும் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முனைக்குப் போகும் தாங்கியின் முன்னால் 'டவுன்' பலகை நிற்பதைக் கண்காட்சி மேசைகளில் பார்க்கலாம். துண்டுகளைப் பூட்டி அமைக்கும் பெய்லி இராணுவப் பாலத்துக்கு, அது தாங்கும் பார வகுப்பைக் காட்ட மஞ்சள் வட்டத்தில் கறுப்பு 40. சோவியத் படை பலகைக்குக் காத்திருக்காது. 'பார்த்தாயிற்று, கண்ணிவெடி இல்லை' என்று சுவரிலேயே எழுதிவிட்டுப் போகும். கண்ணிவெடிப் பலகை என்றதும் முகமாலைப் பக்கம் கண்டு பழகிய சிவப்புப் பலகை கைக்கு வரும். அதைப் பார்த்து வரையாமல் அந்தக் காலப் படத்தைப் பார்த்து வரையுங்கள்.

இனிக் கணக்கு. 1/35 இல் ஒரு மீற்றர் 28.6 மில்லிமீற்றர். பத்து சென்ரிமீற்றர் எழுத்து 2.9 மில்லிமீற்றர். தடிப்புத்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஐஸ்பழக் குச்சி 2 மில்லிமீற்றர் தடிப்பு. அப்படியே வெட்டி ஒட்டினால் அது 7 சென்ரிமீற்றர் பலகை, வழிகாட்டிக்கு அல்ல, வள்ளத்துக்குப் போடும் பலகை. 120 இலக்க சாண்ட்பேப்பரை மேசையில் ஒட்டி, குச்சியை அதன்மேல் உரஞ்சி 0.8 மில்லிமீற்றருக்குக் கொண்டுவாருங்கள். 240 இல் முடியுங்கள். கம்பத்துக்கு ஈர்க்கின் அடிப்பக்கம் நல்லது. நன்றாகக் காய்ந்ததை எடுங்கள். பச்சை ஈர்க்கு ஒரு கிழமையில் சுருங்கி, அடித்தளத்துத் துளைக்குள் ஆடத் தொடங்கும்.

வெயில் மழை பட்ட சாம்பல் நிற மரத்துக்குப் பெயின்ற் தேவையில்லை. கடும் சாயத் தேத்தண்ணியில் பலகையைப் பத்து நிமிடம் போட்டு எடுத்துக் காயவிடுங்கள். இரும்புத் தும்பை இரண்டு நாள் ஊறவைத்த வினாகிரியை அதன்மேல் தூரிகையால் தடவுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரம் கண்முன்னே சாம்பலாகும். மையைப் போலக் கறுத்துவிட்டால் வினாகிரி கடுமை. அடுத்த பலகைக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலவுங்கள். ஊறவைக்கும் போத்தலை இறுக்கி மூடவேண்டாம், உள்ளே வாயு சேரும்.

எழுத்தில் இரண்டு வழி. இராணுவப் பலகைகளைக் கையால் எழுதுங்கள். மூலத்தையும் ஒரு சிப்பாய் கையால்தான் எழுதினான், சிறு கோணல் பொருந்தும். அடி நிறம் காய்ந்ததும் பென்சிலால் மேல்கீழ்க் கோடு போட்டு, எழுத்தைச் சற்றுத் தடிப்பாக எழுதுங்கள். பிறகு அடி நிறத்தாலேயே ஓரங்களை அரிந்து மெல்லிதாக்குங்கள். மெல்லிய எழுத்தை ஒரே இழுப்பில் எழுத முயல்வதால்தான் கை நடுங்குகிறது. ஜெர்மன் கையெழுத்தில் 1 க்கு நீண்ட மேல்வால், 7 க்கு நடுவில் குறுக்குக் கோடு. பிரிட்டிஷ் பலகையில் இவை வராது, தூரமும் மைலில்.

எனாமல் பலகைக்கு அச்சுத்தான். இங்க்ஜெற் வேண்டாம், பசை பட்டதும் மை ஊறிப் பரவும். லேசர் பிறின்ற் எடுங்கள். கடைக்காரர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அழுத்தினால் எல்லாம் சில வீதம் சுருங்கிவிடும். பக்கத்தின் ஓரத்தில் 50 மில்லிமீற்றர் கோடு ஒன்றும் போட்டுக்கொண்டு போய், காசு கொடுக்குமுன் அடிமட்டத்தால் அளங்கள். ஏரியல் எழுத்து வேண்டாம், அது 1982 இல் வந்தது. அச்சை, சோடாப் பேணியிலிருந்து வெட்டிய தகட்டில் ஒட்டுங்கள். தகட்டை முதலில் சாண்ட்பேப்பரால் சொரசொரப்பாக்கி வினாகிரியால் துடைக்கவேண்டும், இல்லையென்றால் மாரி தொடங்கியதும் கடதாசி ஓரம் கிளம்பும். வெட்டிய கடதாசியின் வெள்ளை விளிம்பை அதே நீலத்தால் மூடுங்கள். எனாமல் கண்ணாடிபோல மினுங்கும் பொருள். முழுக் காட்சிக்கும் மினுக்கமில்லாத 'மற்' வார்னிஷ் அடித்து அதையும் மந்தமாக்கிவிடாதீர்கள். அது உடைவது ஆணித் துளையைச் சுற்றித்தான். அங்கே கருமையும், அதிலிருந்து கீழ்நோக்கி மெல்லிய துருக் கோடும் போதும்.

சூட்டுத் துளை போடுவதில் எல்லாருக்கும் ஆசை. 7.92 மில்லிமீற்றர் ரவை 1/35 இல் 0.23 மில்லிமீற்றர். குண்டூசியை முழுக்கக் குத்தி இறக்கினால் அது 20 மில்லிமீற்றர் பீரங்கி அடித்த துளை. தகட்டை அழிறப்பர்மேல் வைத்து ஊசி நுனியால் தொட்டால் போதும். பின்பக்கம் கிளம்பும் சிறு உதட்டை அப்படியே விடுங்கள்.

கிலோமீற்றர் கல்லுக்குக் கரும்பலகைச் சோக்கைவிட நல்ல பொருள் இல்லை. 20 மில்லிமீற்றர் வெட்டி, முன்பக்கத்தைத் தட்டையாக உரஞ்சி, தலையை வட்டமாக்குங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு தரம் ஊட்டிய பிறகே பெயின்ற். ஊட்டாத சோக்கு பெயின்றைக் குடித்துவிடும், தூரிகை நுனியும் தேயும்.

நடும்போது கம்பம் அடித்தளத்துக்குள் 5 மில்லிமீற்றராவது இறங்கட்டும். பல கம்பங்கள் இருந்தால் ஒன்றை மட்டும் சாயுங்கள், எல்லாம் சாய்ந்தால் புயல் அடித்த இடம்போல இருக்கும். பார்வையாளர் நிற்கும் பக்கம் பலகையின் முதுகுதான் வருகிறதென்றால் அதைத் திருப்பவேண்டாம். முதுகில் குறுக்குச் சட்டமும் ஆணி முனையும் பூசாத மரமும் செய்யுங்கள்.

பசை போடுமுன், கைபேசியின் கமராவை வீதியின் வலப்பாதையில், தரையிலிருந்து 57 மில்லிமீற்றர் உயரத்தில் வையுங்கள். இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கும் லொறிச் சாரதியின் கண் அது. அங்கிருந்து பலகை வாசிக்க முடிந்தால் ஒட்டலாம்.