முதல் டர்ன்டேபிள்: பெட்டியைப் பிரிப்பது முதல் ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்பது வரை

எல்பி தட்டின் ஒலி சிடியைவிடத் துல்லியமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிடியின் ஒலி வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) 96 டெசிபல். நல்ல எல்பி 70-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். தூசி பொரிவது, மெல்லிய இரைச்சல் எல்லாம் கூடவே வரும். அப்படியிருந்தும் வாங்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். நடுவில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் எழுந்து போய், முள்ளைத் தூக்கி, இடம் பார்த்து இறக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே முழு ஆல்பத்தையும் கேட்டுவிடுவோம். அந்தச் சோம்பலுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

வீட்டுப் பரணில் நாலு பழைய தட்டுகள் கிடக்கின்றன, அவற்றைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிள் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், வரிசையாக இப்படிச் செய்யுங்கள்.

படி 1: கையில் இருப்பது எந்தத் தட்டு?

முதலில் வேகத்தை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைப் பாருங்கள். லேபிளில் 78 என்று இருந்தாலோ, தட்டு கனமாக, தட்டினால் பீங்கான் போலச் சத்தம் தந்தாலோ, அது அரக்கில் செய்த பழைய ரெக்கார்டு. பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். இதன் பள்ளம் அகலமானது. எல்பிக்கான முள்ளைப் போல நாலு மடங்கு பருமனான முள் இதற்குத் தேவை. இன்று கடையில் விற்கும் பெரும்பாலான டர்ன்டேபிள்களில் 78 வேகமே கிடையாது. ஆகவே இவற்றை இப்போதைக்குத் தனியே எடுத்து வையுங்கள்.

7 அங்குலச் சின்னத் தட்டுகள் பெரும்பாலும் 45 சுற்று. நம் சினிமாப் பாட்டுகள் பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டுடன் வந்தவை இந்த வகைதான். ஆனால் 7 அங்குலம் என்றாலே 45 என்று முடிவு கட்ட வேண்டாம், லேபிளைப் பாருங்கள்.

12 அங்குலம், 33⅓ சுற்று என்றால் எல்பி. 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்தது. மூன்று நிமிடத்துக்குள் ஒரு கீர்த்தனையை நெருக்கி அடக்க வேண்டியிருந்த வித்வான்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது இதற்குப் பிறகுதான். எச்எம்வி-யின் பழைய இந்திய எல்பிகளில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தையும் கவனியுங்கள்: இசிஎல்பி, இஏஎல்பி என்றால் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி), இசிஎஸ்டி, இஏஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. மோனோ என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. 1960-களின் சில கர்நாடக சங்கீதப் பதிவுகள் மோனோவிலேயே அழகாக இருக்கும்.

படி 2: எதை வாங்குவது

சூட்கேஸ் வடிவத்தில், ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்து, பார்க்க அழகாக வரும் மலிவான பிளேயர்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் முள் தட்டின்மேல் தேவைக்கு அதிகமாக அழுத்தும், ஸ்பீக்கரின் அதிர்வு நேராக முள்ளுக்கே போகும். பரிசாக வந்தாலும் உங்கள் நல்ல தட்டுகளை அதில் போடாதீர்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு இரண்டு வழிகள். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற தானியங்கி வகையில் பட்டனை அமுக்கினால் முள்ளைத் தாங்கும் கை தானே போய் உட்காரும், பக்கம் முடிந்ததும் தானே திரும்பிவிடும். முள் தட்டை அழுத்தும் எடை எல்லாம் கம்பெனியிலேயே வைத்துவிட்டதால் நீங்கள் எதையும் திருக வேண்டியதில்லை, திருகவும் முடியாது. அடுத்தது ஏடி-எல்பி120எக்ஸ், ரேகா பிளானர் 1, ப்ரோ-ஜெக்ட் டெபுட் போன்றவை. இவற்றில் கார்ட்ரிட்ஜை (கையின் நுனியில் முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பாகம்) மாற்றலாம், எடையைச் சரி செய்யலாம். சிலவற்றில் 33-லிருந்து 45-க்குப் போக பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இருப்பவர்கள் இரண்டாவதை வாங்குங்கள். பாட்டு கேட்டால் போதும் என்பவர்களுக்கு முதலாவதில் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவரும் பழைய டர்ன்டேபிள் என்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடலாம். ஆனால் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றும் பழைய மோட்டார் 33⅓-க்குப் பதில் 28-க்கும் குறைவாகத்தான் சுற்றும். பாட்டு முழுக்கச் சுருதி இறங்கி இழுக்கும். அடாப்டரில் ஓடும் புது மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 3: ஒயர் மாட்டுவது

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. தட்டில் இசையை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் அகன்றுபோய் ஒரு பக்கத்தில் இத்தனை நிமிடம் கொள்ளாது. கேட்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கூடவே கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தைப் பெருக்கவும் வேண்டும். இரண்டையும் செய்வது போனோ ஸ்டேஜ்.

இது உங்களிடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். டர்ன்டேபிளின் பின்னால் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் உள்ளேயே இருக்கிறது. அதை லைனில் வைத்து, பவர்டு ஸ்பீக்கரிலோ (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே உள்ளது) ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் என்ற துளையிலோ சொருகலாம். ஆம்ப்ளிஃபையரிலேயே போனோ என்று துளை இருந்தால், டர்ன்டேபிளை போனோவில் வைத்து அங்கே சொருகுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்க வேண்டும். சத்தம் ஈனஸ்வரத்தில், தாழ்ந்த ஒலியே (பேஸ்) இல்லாமல் கேட்டால் போனோ ஸ்டேஜ் எங்குமே இல்லை என்று பொருள். காதைக் கிழித்துக் கரகரத்தால் இரண்டு முறை பெருக்கிவிட்டீர்கள்.

"ம்ம்ம்" என்று விடாமல் உறுமல் வந்தால் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்ட் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்ட் திருகில் மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது.

படி 4: சமன், எடை

ஆடாத மேசை வேண்டும். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். பிளாட்டரின்மேல் (தட்டு உட்கார்ந்து சுற்றும் வட்டு) ரசமட்டத்தை வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். ஃபோனிலுள்ள ரசமட்டமும் போதும். தானியங்கி மாடல் வாங்கியவர்கள் இதோடு அடுத்த படிக்குப் போகலாம்.

மற்றவர்கள் பொறுமையாகச் செய்ய வேண்டியது: கை உள்பக்கமாக இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட் குமிழை 0-வில் வையுங்கள். முள்ளின் மூடியை எடுத்துவிட்டு, கையைத் தட்டுக்கு வெளியே விடுவியுங்கள். பின்னால் இருக்கும் எடையைத் திருகித் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் கிடைமட்டமாக மிதக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசு முள் நடுவில் நிற்பதுபோல நிற்கும். இப்போது கையைத் தாங்கியில் பூட்டி, எடையின் முன்னாலுள்ள எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. கடைசியாக ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வைத்துவிடுங்கள்.

எடையைக் குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உண்மை நேர்மாறு. எடை போதாத முள் பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளி, சுவர்களைச் சிதைத்துவிடும். கம்பெனி சொன்ன எண்ணே சரி.

படி 5: முள்ளை இறக்குவது

தட்டை ஓரத்திலும் லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். பிளாட்டர் சுற்ற ஆரம்பித்ததும் கார்பன் ஃபைபர் பிரஷை இரண்டு மூன்று சுற்றுக்கு லேசாகத் தொட வைத்து, தூசியை ஓரத்துக்கு இழுத்து எடுங்கள். கையை, பள்ளம் தொடங்கும் வெளிவிளிம்புக்கு நேராகக் கொண்டுபோய், பக்கத்திலுள்ள நெம்புகோலால் இறக்குங்கள். விரலால் இறக்கும் சாகசம் எல்லாம் பிறகு. பக்கம் முடிந்ததும் அதே நெம்புகோலால் தூக்குங்கள். தானியங்கி அல்லாதவற்றில் கடைசிப் பள்ளத்திலேயே முள் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் தூங்கிப் போகாதீர்கள்.

படி 6: பழைய தட்டு வாங்குவது

சென்னையில் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மூர் மார்க்கெட்தான். அது 1985-ல் எரிந்தது. இப்போது பழைய பொருள் கடைகள், ஆன்லைன் குழுக்கள், தாத்தாவின் அலமாரியைக் காலி செய்பவர்கள் என்று பல வழிகளில் கிடைக்கிறது. எங்கே வாங்கினாலும் உறைக்குள் இருப்பது அதே தட்டுதானா என்று முதலில் பாருங்கள். மாறிக் கிடப்பது சகஜம்.

தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகள் காதுக்குத் தெரியாமலே போகலாம். விரல் வைத்தால் தட்டுப்படும் கீறல் சுற்றுக்கு ஒரு முறை "டொக்" என்று அடிக்கும். கறுப்புப் பளபளப்பு போய்ப் பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால், அது தேய்ந்த தட்டு. எவ்வளவு கழுவினாலும் கரகரப்பு போகாது. லேபிளின் நடுத்துளையைச் சுற்றி நிறைய வழித்தடம் இருந்தால் நிறைய முறை ஓடியிருக்கிறது. கண் மட்டத்துக்கு உயர்த்தி, விளிம்பு அலைபாய்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் மைக்செட். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்களின் தட்டுகள் உழைத்து உழைத்துத் தேய்ந்தவை. சினிமாப் பாட்டுத் தட்டுகளும் கதை வசனத் தட்டுகளும் பெரும்பாலும் இந்த வழியில் வந்திருக்கும். உறையில் சவுண்ட் சர்வீஸ் முத்திரை இருந்தால் நினைவுப்பொருளாக வாங்குங்கள், கேட்பதற்கு வேண்டாம். லால்குடி ஜெயராமன் வயலினோ, எஸ். பாலசந்தர் வீணையோ, எம். எல். வசந்தகுமாரி கச்சேரியோ அப்படியில்லை. வீட்டில் வைத்துக் கேட்டவர்களின் கைப்பொருள் அவை. முதல் பத்துத் தட்டுகளை இந்தப் பக்கம் தேடுங்கள் என்பேன். விலையும் சினிமாவைவிடப் பல நேரம் குறைவு.

படி 7: கழுவுவது, அடுக்குவது

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குவோமே, அந்த டிஸ்டில்ட் வாட்டர் போதும். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. லேபிளை நனைக்காமல், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு முறை. நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். கடலோர ஊர்களில் வரும் வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் இதிலேயே போய்விடும். 78 தட்டில் மட்டும் ஸ்பிரிட், ஆல்கஹால் எதையும் தொட வைக்காதீர்கள். அரக்கு கரைந்து தட்டே பாழாகிவிடும்.

புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் ஒரே மதியத்தில் அப்பளமாகிவிடும். மக்கிய உள்ளுறைகளைத் தூக்கிப் போட்டுப் புதிது மாற்றுங்கள். வெளியுறையைத் தூக்கிப் போட வேண்டாம்.

படி 8: ஒரு பக்கம்

வேலை எதையும் கூட வைத்துக்கொள்ளாமல் ஒரு பக்கத்தைக் கேளுங்கள். ஃபோன் அடுத்த அறையில் இருக்கட்டும். கையில் உறை இருக்கட்டும். பின்புறத்தில் பக்கவாத்தியம் யார், ராகம் என்ன, தாளம் என்ன என்று அச்சடித்திருக்கும். மிருதங்கம் யாரென்று தெரிந்தபின் தனி ஆவர்த்தனத்தைக் கேட்பதே வேறு. எது முதல் பக்கத்தில் வந்தது, எதற்கு ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறார்கள் என்று கவனித்தால், அந்த ஆல்பத்தை வரிசைப்படுத்தியவர் என்ன நினைத்தார் என்பது கொஞ்சம் பிடிபடும்.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் ச, ஷ எழுத்துகள் சற்றுச் சீறினால் பதற வேண்டாம். வெளிவிளிம்பில் முள் நொடிக்கு 50 சென்டிமீட்டர் தூரம் ஓடுகிறது. லேபிள் அருகே 20-ஐ ஒட்டித்தான். அதே அளவு இசையைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால் வரும் சீறல் அது. பக்கத்தின் முடிவில் அமைதியான பாட்டு வைக்க இதுவும் ஒரு காரணம். ஆனால் முதல் பாட்டிலிருந்தே சீறினால் முள்ளில் தூசி உருண்டிருக்கிறது. முள்ளுக்கென்று விற்கும் சின்ன பிரஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் ஒரு முறை இழுங்கள், பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். அப்படியும் தீராவிட்டால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குப் பாருங்கள். முள்ளின் ரகத்தைப் பொறுத்து 300-லிருந்து 1000 மணி நேரம்தான் அதன் ஆயுள். புது முள் மட்டும் தனியாகக் கிடைக்கும், கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டியதில்லை.