மூட்டு வீங்கினால் யாரைச் சனல் செய்வது?

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன. தண்ணீர்க் குழாயைத் திருக முடியவில்லை. ஒரு மணி நேரம் கழிந்த பிறகே கை வசத்துக்கு வருகிறது. இதைக் கேட்டதும் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர்கள் சொல்வது, எலும்பு டொக்டரிடம் காட்டுங்கள் என்பதுதான். இன்னொருவர் நரம்பு டொக்டர் என்பார். நல்ல மனத்தோடு சொல்கிறார்கள். ஆனால் மாதங்கள் வீணாவது இங்கேதான். இலங்கையில் யாருடைய கடிதமும் இல்லாமல் எந்த நிபுணரையும் நேரே சனல் செய்யலாம், அதாவது தனியாரில் நேரம் பதிவு செய்து பார்க்கலாம் என்பதால், யாரிடம் போவது என்ற முடிவு முழுவதும் நம் தலையில் விழுகிறது.

முறிவு, சவ்வுக் கிழிவு, தேய்ந்த முழங்காலை மாற்றுவது போன்றவை எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை. வீக்கத்தோடும் காலை இறுக்கத்தோடும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் வரும் நோவுக்கு வாதநோய் வைத்திய நிபுணர் வேண்டும். பெயர்ப்பலகையில் ருமட்டோலஜி என்று போட்டிருக்கும். படுத்திருக்கும்போது கூடி, நடமாடினால் குறைகிற இளவயது முதுகு நோவும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயும் அவரிடமே போக வேண்டியவை. முடக்குவாதம் எனும் ருமட்டொய்ட் மூட்டழற்சி தொடக்க மாதங்களிலேயே எலும்பை அரிக்கக்கூடியது. அரித்தது மீண்டும் வளர்வதில்லை. அதனால்தான் ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்களின் வழிகாட்டல், வீக்கம் தொடங்கி 6 வாரங்களுக்குள் நிபுணர் பார்க்க வேண்டும், 3 மாதங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஒரே ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் சனல் நம்பருக்குக் காத்திருக்கவே கூடாது. மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்; 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது, நம்பர் கிடைக்காத வைத்தியரே கெட்டிக்காரர் என்று எண்ணிவிடுகிறோம். முடக்குவாதம் போன்ற நோய் ஆண்டுக்கணக்கில் தொடரும். புகழைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்ப் பார்க்கக்கூடியவரா என்பதே பெரிய கேள்வி. இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்ட மறுபடியும் முழுக் கட்டணமா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

தனியார் வைத்தியசாலையோடு நின்றுவிடுவதுதான் குடும்பங்களை மிகவும் நோகடிக்கும் தவறு என்பேன். மாலையில் அங்கே நோயாளரைப் பார்க்கும் நிபுணர்களில் பலர் பகலில் அரச வைத்தியசாலையில் கடமை செய்பவர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணமில்லை; கையிருப்பில் உள்ள மருந்தும் இலவசம். முதல் சந்திப்பிலேயே, "டொக்டர், உங்கள் அரச கிளினிக்குக்கு நான் வரலாமா?" என்று கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் நகை அடகு வைத்து மருந்து வாங்கி, பிறகு பணமில்லை என்று சிகிச்சையையே கைவிடுவோரை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

போவதற்கு முன் தாமாகவே ஆய்வுகூடத்துக்குப் போய், "வாதத்துக்கான எல்லா டெஸ்டும்" என்று காசைக் கொட்டுவோர் உண்டு. முடக்குவாதத்துக்காக இரத்தத்தில் தேடும் ருமட்டொய்ட் காரணி நோயில்லாதவருக்கும் தென்படலாம், நோயுள்ளவருக்குத் தென்படாமலும் போகலாம். யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் நோவு உச்சத்தில் இருக்கும்போது இரத்தப் பரிசோதனை அந்த அமிலத்தைச் சரியான அளவாகக் காட்டக்கூடும். தாளை வைத்துக்கொண்டு நோய் இருக்கிறது, இல்லை என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வைத்தியர் கையால் மூட்டை அழுத்திப் பார்ப்பதற்கு ஈடான டெஸ்ட் கிடையாது.

கையால் பார்க்கும் அந்தச் சோதனையைக் கெடுப்பது, வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து. மருந்தகத்தில் கேட்டு வாங்கிய பிரெட்னிசலோன், எங்கோ போட்ட ஊசி, பெயரில்லாத தூள் ஆகியவை வீக்கத்தை வற்றச் செய்துவிட்டால் வைத்தியர் எதைப் பார்த்து நோயை அறிவார்? எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில் எடுத்தவர்கள் சந்திப்புக்காகத் திடீரென நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. நாட்டு வைத்தியரிடம் போனதைச் சொன்னால் ஏசுவாரோ என்ற பயம் வேண்டாம். மருந்து அட்டைகள், போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "ஒரு சின்ன வெள்ளைக் குளிசை" என்பதிலிருந்து எந்த வைத்தியராலும் ஒன்றும் அறிய முடியாது.

வீக்கம் வந்து போகும் இயல்புடையது. சனல் கிடைத்த நாளில் கை சாதாரணமாக இருக்கலாம். ஆகவே வீங்கியபோது தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த மூட்டில் தொடங்கியது, காலை இறுக்கம் எவ்வளவு நேரம், எந்த வேலை முடியாமல் போனது என்று அரைப்பக்கத்தில் எழுதுங்கள். "உடம்பெல்லாம் உளைவு" என்பதைவிட, "சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை" என்பது வைத்தியருக்கு நிறையச் சொல்லும். முன்பு வந்த காய்ச்சலையும் சொல்லுங்கள். 2025இன் தொடக்கத்தில் கொழும்பில் பரவிய சிக்குன்குன்யா போன்றவை மாதக்கணக்கில் மூட்டு நோவை விட்டுச் செல்லும், முடக்குவாதம் போலவே தோன்றும். தலையில் செதில், வாய்ப்புண், கண் சிவப்பு ஆகியவை மூட்டோடு சம்பந்தமில்லாதவை என்று விட்டுவிடாதீர்கள். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள், நகத்திலும் நோயின் தடயம் இருக்கலாம்.

வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுபவராக இருந்தால், மொழி தெரிந்த ஒருவர் கூட வரட்டும். ஆனால் பேச வேண்டியவர் நோயாளிதான். மகன் முந்திக்கொண்டு எல்லாம் சொல்ல, அம்மா தலையாட்டிவிட்டு வருவது வழமையாகிவிட்டது. குறிப்பாக, பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனமைட் மருந்துகள் இரண்டும் கருவைப் பாதிக்கும். அவற்றுக்குப் பதிலாக வைத்தியர் தரக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன.

மருந்து தொடங்கி மூன்று வாரத்தில் குணமில்லை என்று வேறு வைத்தியரிடம் ஓடாதீர்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் வரை ஆகும். அறையை விட்டு வருமுன் மெத்தோட்ரெக்சேட் எந்த நாளில் எத்தனை குளிசை என்று எழுதி வாங்குங்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுப்பது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்தி யாரிடம் கேட்பது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.